ரெண்டு விரல் துணி

தையல்காரர் என் வீட்டுக்காரர் இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் சுற்றினார். நம்ப முடியவில்லை போல. எனக்கே நம்ப முடிவதில்லை. வயிற்றில் ஆபரேஷன் ஆன பிறகு மனிதர் பாதியாகிவிட்டார். இனி பயமில்லை, சாப்பிட்டால் உடம்பு தேறிவிடும் என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிறது. சாப்பிட்டால்தானே.

மகள் வேலை பார்க்கும் நாட்டுக்கு அவளைப் பார்க்க வந்திருந்தோம். அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். அப்பாவுக்கு சூட் தைத்துப் போடுவது தன் பொறுப்பு என்று சொல்லி, குடியிருப்புக்கு எதிரிலிருந்த கடைக்கு எங்களை இழுத்துக்கொண்டு வந்தாள். தையல்காரருக்கு எங்கள் பேச்சு தெரியாது, எங்களுக்கு அவர் பேச்சு தெரியாது. நடுவில் மகள்.

"பக்கத் தையலுக்கு உள்ள ரெண்டு விரல் துணி விடச் சொல்லு. அப்பா உடம்பு தேறினா பிரிச்சு விட்டுக்கலாம்," என்றேன். ரவிக்கை தைக்கக் கொடுத்தாலும் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

மகள் கேட்டாள். தையல்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"அவ்வளவு துணி உள்ள இருந்தா படியாதாம்மா. ஒட்டத்தான் வெட்டுவாராம்."

"வெட்டட்டும். ஒரு நாள் போடப்போறேன். அதுக்கப்புறம் எனக்கு எதுக்கு?" என்றார் இவர்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரிலிருந்து கிளம்பும் முன் தன் சட்டைகளையெல்லாம் வாட்ச்மேனுக்குத் தூக்கிக் கொடுத்தவர் இவர். மனசுக்குள் கணக்கை முடித்துவிட்ட மனிதருக்குச் சோறு எப்படி இறங்கும்? கடை என்றும் பார்க்காமல் அழுதுவிடுவேன் போலிருந்தது. அதனால் சண்டை போட்டேன். அது எனக்குக் கைவந்த கலை.

"துணியில கூடவா கஞ்சத்தனம்? உங்களுக்கு வேண்டாம்னா விடுங்க. எனக்கு வேணும்."

வீட்டுக்கு வந்ததும் இவர் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மகள் வேலைக்குப் போய்விட்டாள். நான் குளித்துவிட்டு வந்தால் ஆளைக் காணோம். செருப்பு இல்லை. அவர் போன் மேசைமேல் கிடந்தது. லிஃப்ட் வரை நடக்கவே அலுத்துக்கொள்கிறவர். குட்டி போட்ட பூனை மாதிரி பால்கனிக்கும் கதவுக்கும் அலைந்தேன். மகளைக் கூப்பிட போனை எடுத்தேன், வைத்தேன். அவளை எதற்குக் கலவரப்படுத்துவது? நேற்று நான் பேசியதை நினைத்தால் பகீரென்றது. ஈரத்தலையோடு இறங்கி, தெருக்கோடி வரை ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மூச்சு வாங்கத் திரும்பி வரும்போது, தையல் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இவருடைய வழுக்கைத் தலை தெரிந்தது.

மேசைமேல் கருநீலத் துணி விரிந்திருந்தது. அதில் சாக்பீஸால் அளவு போட்டாயிற்று. தையல்காரர் கையில் கத்தரிக்கோல். இவரோ அந்த வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இரண்டு விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, எடுக்க மாட்டேன் என்று நிற்கிறார்.

"படியலேன்னா பரவாயில்லப்பா. நான் தேறிடுவேன். அப்புறம் பத்தாமப் போச்சுன்னா எங்கே வந்து உன்னைத் தேடுறது?" என்று தமிழிலேயே வாதாடிக்கொண்டிருந்தார். தையல்காரர் விழித்தார். அவருக்குப் புரியவேண்டும் என்று இவர் சாப்பிடுவது போல ஜாடை காட்டி, ஒட்டிய கன்னம் இரண்டையும் உப்பிக்காட்டினார்.

நான் வாசலிலேயே நின்று அழுதேன். சத்தம் கேட்டுத் திரும்பிய மனிதர் திருட்டு முழி முழித்தார்.

"நீதானே வேணும்னே," என்றார்.

"சொல்லிட்டு வர வாயில்லையா உங்களுக்கு?"

"சொன்னா நீ வந்து சண்டை போடுவே. பாவம், இந்த ஆளு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். அவருடைய இரண்டு விரலுக்குப் பக்கத்தில் என் விரல் ஒன்றையும் வைத்தேன்.

தையல்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். சாக்பீஸை எடுத்து, என் விரலுக்கு வெளியே புதுக் கோடு போட்டார்.