பதினொரு மாத ஒப்பந்தம்

மூன்று வருஷம் மார்ச் மாதமே இல்லாமல் வாழ்ந்தவர்கள் இந்தத் தில்லியில் தாங்கள் மட்டும்தான் என்று சேஷன் தம்பதி சொல்வதைக் கரோல் பாகில் எல்லோரும் நம்பினார்கள், கீழ்வீட்டு ராமமூர்த்தி ஒருவரைத் தவிர. "லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வந்து ரீல் விடறான்" என்பார் அவர்.

எழுபத்தேழு ஏப்ரலில் மொட்டைமாடி அறைக்குக் கையெழுத்தானது. பன்னிரண்டு மாதம் என்றால் பதிவு செய்ய வேண்டும் என்று தில்லியில் எந்த வீட்டுக்காரரும் பதினொன்றைத் தாண்டுவதில்லை. இந்த வீட்டுக்காரர் மறு ஒப்பந்தத்தையும் ஏப்ரல் ஒன்றாம் தேதி போட்டுத்தான் அனுப்புவார். நானூற்றுப் பன்னிரண்டு வார்த்தை, ஒரே வாக்கியம், முற்றுப்புள்ளி கிடையாது. அதே சர்க்கார் இங்கிலீஷில் ஆபீஸில் குறிப்பெழுதிப் பிழைத்த சேஷன், "இதெல்லாம் படிக்கறதுக்கா எழுதறோம்?" என்று ராஜத்திடம் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து ராமமூர்த்தி. அவரும் படிக்கவில்லை.

பிப்ரவரி கடைசி நாள் ராஜம் ரசம் பரிமாறினாள். சேஷன் பிசைந்து வாயில் வைத்தபோது ஏப்ரல் பிறந்திருந்தது. ரசம் ஆறவில்லை, வாசலில் முப்பத்தொரு நாள் பேப்பர் குவிந்து கிடந்தது. அடுத்த வருஷம் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஆர்.கே.புரம் சிநேகிதர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பஸ் ஏறியது பிப்ரவரி, இறங்கியது ஏப்ரல். பிப்ரவரி மாசத்து டிக்கெட் செல்லாது என்று கண்டக்டர் இந்தியில் கத்தினான்.

மூன்றாம் வருஷம் நவம்பரில் வள்ளி பிறந்தாள். அப்போதுதான் ராஜம் ஒப்பந்தத்தை வெளியே எடுத்தாள். அகராதியை வைத்துக்கொண்டு மத்தியான வேளைகளிலெல்லாம் அந்த வாக்கியத்துக்குள் நடந்தாள். இரண்டு முறை வழி தவறி, காகிதத் தூசி படிந்த தலையோடு வெளியே வந்தாள். ஜனவரியில் அகப்பட்டது: காலம் முடிந்தபின் மேற்படி நபர்கள் எங்கும் இருத்தலாகாது. மேற்படி நபர்கள் சேஷனும் ராஜமும். குழந்தை அதில் இல்லை. மூன்று மாதக் குழந்தை மார்ச் முழுக்கத் தனியாகக் கிடக்கும்.

கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் தட்டச்சுக்காரரிடம் ஓடினாள், குழந்தை பேரையும் சேர்க்கச் சொல்லி. அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முடியாத வாக்கியத்தில் யாரையும் சேர்க்க முடியாது, பெஹன்ஜி. நாற்பது வருஷமா அடிக்கிறேன். ஒரு நாளும் படிச்சதில்லை. படிச்சவங்க திரும்பி வரலை."

"வேற வீடு பாருங்கோ" என்றாள் கணவனிடம். "நடுவில காலி பண்ணினா என்னன்னு அதுலயே இருக்கு. அதையும் படிச்சுட்டு வரியா?" என்றார் சேஷன். அவள் படிக்கவில்லை.

பிப்ரவரி இருபத்தொன்பது, காலை. ராஜம் குழந்தையோடு கீழே இறங்கினாள். சேஷன் பின்னால்.

"மாமா, இவளைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோ."

"ஆரம்பிச்சாச்சா நாடகம்? அச்சா, குடு."

அவர் கையை நீட்டி வாங்கினார். வாங்கியதும் எதிரே கதவு மட்டும்தான் இருந்தது.

ராஜத்துக்கு அது ஒரு மூச்சு. மூச்சை விட்டபோது ராமமூர்த்திக்கு முகமெல்லாம் ஒரு மாதத் தாடி. அவர் தோளில் வள்ளி, கீழ் ஈறில் இரண்டு அரிசிப் பல்லோடு. ராஜம் கையை நீட்டினாள். குழந்தை அவளை யாரோ என்பதுபோல் பார்த்து, வீறிட்டு, அந்தத் தாடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தபாலில் வந்திருந்த புது ஒப்பந்தத்துக்குச் சேஷன் பேனா தேடினார்.

ராமமூர்த்தி ராஜத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நெஜந்தாம்மா. என் கண் எதிர்லதான் இல்லாமப் போனேள்."