சந்தாதாரரின் பெயர்

அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டு என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இணைய இணைப்புத் தரும் கம்பெனி அது. இன்ன நேரத்தில் இன்ன ஐ.பி. எண்ணில் இணையத்தில் இருந்தது எந்த வீடு என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. சொல்வது என்றால் கேட்டவர்களுக்கெல்லாம் அல்ல, நீதிமன்ற உத்தரவு இருந்தால் மட்டும். புருஷன் ராத்திரியெல்லாம் யாரோடு பேசுகிறான் என்று அழுதுகொண்டு வந்த மனைவிகளும், ஊழியர்களை வேவு பார்க்க நினைத்த முதலாளிகளும், சும்மா வம்புக்கு விசாரித்த சக ஊழியர்களும் அவளிடம் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். இதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. வருஷக்கணக்காக அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததில், மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசையே வற்றிப் போயிருந்தது.

அவள் தம்பி சினிமாவில் ஒலிப்பதிவு செய்பவன். பலரிடம் உதவியாளாக இருந்து, நாய் படாத பாடு பட்டு, கடைசியில் ஒரு படத்தைத் தனியாகச் செய்தான். அந்தப் படம் தியேட்டருக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் வந்துவிட்டது. யாரோ போட, யார் யாரோ எடுத்து மறுபடி போட, ஊரெல்லாம் பரவியது. தியேட்டர்கள் காற்று வாங்கின. தயாரிப்பாளர் அவனுக்குத் தருவதாகச் சொன்ன அடுத்த படமும் அப்படியே நின்றது.

ஒரு விடுமுறை நாளில் தம்பி அவள் வீட்டுக்கு வந்தான். அவள் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, படம் முதல்ல உங்க கம்பெனி இணைப்பு வழியாத்தான் வெளிய போயிருக்காம். தயாரிப்பாளரோட வக்கீல் சொல்றாரு. யாருன்னு பாத்துச் சொல்லு."

"கேஸ் நடக்குதுடா. கோர்ட்டு சொன்னா குடுப்போம்."

"கேஸ் முடியறதுக்குள்ள எனக்குத் தாடி நரைச்சிடும். பேரு மட்டும் சொல்லு. சண்டை போட மாட்டேன். ஏன்யா என் வாழ்க்கையில மண்ணைப் போட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"நான் எல்லாரும் இல்ல. உன் தம்பி."

"அதனாலதான் டீ போடப் போறேன். வேற ஆளா இருந்தா வாசலோட அனுப்பியிருப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. அவள் டீயோடு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அந்த டீயை அவளே குடித்தாள்.

கம்பெனியின் வக்கீலம்மா கோர்ட்டில் தன்னால் ஆனவரை வாதாடினாள். ஒரு எண்ணை வைத்துக்கொண்டு இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும், யார் கை வைத்தார்கள் என்று சொல்ல முடியாது; ஒரு வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், விருந்தாளி வருவார், பக்கத்து வீட்டுக்காரர் பாஸ்வேர்டு கேட்டு வாங்கியிருப்பார்; வாடிக்கையாளர்களின் பெயர்களை இப்படி அள்ளிக் கொடுப்பது நியாயமில்லை என்றாள். நீதிபதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முதன்முதலில் படத்தை வெளியே விட்ட சிலருடைய பெயர்களை மட்டும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

"சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு" என்றபடி வக்கீலம்மா உத்தரவை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். கண் திரையில் இருந்தாலும் மனசு எங்கோ இருந்தது. ஒரு பெயர் வந்து நின்றது. இதே பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு முகவரியைப் பார்த்தாள். லிஃப்ட் ஓடாத அந்தக் குடியிருப்பு, கடைசி மாடி. அவளுடைய அப்பா.

கொஞ்ச நேரம் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் யாருக்கும் தெரியப் போவதில்லை. எழுந்து வக்கீலம்மாவின் அறைக்குப் போனாள்.

"இதுல ஒருத்தர் எங்கப்பா. இந்த வேலைய நான் செய்யக் கூடாது. வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் பேசினாள். வேறு ஆளைப் போடலாம், ஆனால் பெயர் போகத்தான் செய்யும்; கோர்ட்டிலிருந்து முறைப்படி அவருக்குச் சொல்லுவார்கள்; அதுவரை வீட்டில் மூச்சு விடக் கூடாது என்றாள். "உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றும் சேர்த்துக்கொண்டாள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

அந்த வாரமும் வழக்கம்போல அப்பாவைப் பார்க்கப் போனாள். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார். அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தானே சமைத்துத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால் படி இறங்குவது அபூர்வம். தியேட்டருக்குப் போக முடியாதே என்றுதான் தம்பி படத்தின் பிரதி ஒன்றை முன்கூட்டியே அவருக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். கொடுக்கக் கூடாதது அது. அக்காவிடம்கூட அவன் சொல்லவில்லை.

அவள் எதையும் கேட்கவில்லை. அவரே ஆரம்பித்தார். டிப்போவில் தன்னோடு வேலை பார்த்தவர்கள் ஊருக்கு ஒருவராகப் போய்விட்டார்கள், எல்லாரும் பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டார்கள் என்றார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது தம்பி பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, அதைப் போட்டோ பிடித்து அனுப்பியிருந்தார்கள். போனில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"படம் பெரிசு, தனித்தனியா அனுப்பினா போக மாட்டேங்குது. கீழ் வீட்டு எலக்ட்ரீஷியன்தான் இந்த வழி சொன்னாரு. கம்ப்யூட்டர்ல போட்டு விட்டுட்டா வேணுங்கறவங்க எடுத்துக்கலாமாம். நல்ல வசதி."

"ம்" என்றாள்.

"உன் தம்பிகிட்ட இன்னும் சொல்லல. படம் சரியாப் போகலன்னு நொந்து போயிருக்கான். இத்தனை பேரு பாத்திருக்காங்கன்னு நிதானமாச் சொல்லணும்."

அவர் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டார். அதையும் பிசைந்து சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகு அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் படி இறங்கினாள்.

கோர்ட் நோட்டீஸ் வந்தபோது அப்பா பிள்ளைகள் இருவரையும் கூப்பிடவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு நாயின் மேல்கூட வண்டியை ஏற்றாத மனுஷன். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கி எலக்ட்ரீஷியனிடம் காட்டியிருக்கிறார். அவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கதவைச் சாத்திக்கொண்டார். தயாரிப்பாளர் அலுவலகத்தில்தான் தம்பிக்கு விஷயம் தெரிந்தது. அங்கே யாரோ பெயர்களைப் படித்துவிட்டு, இவர் உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டார்களாம். அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்தான். இருவரும் ஒன்றாக அந்த மாடியேறினார்கள். வழியில் அவன் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தான்.

"நீ அன்னிக்கே பாத்துச் சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா?"

யோசித்துக்கொண்டே ஒரு மாடி ஏறினான். "ஒண்ணுமில்ல. அப்பவும் இதேதான்."

அப்பா நாற்காலியில் சட்டைப் பித்தான் எல்லாம் போட்டு, யாரோ வந்து அழைத்துப்போகக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"உன் படத்த நான் திருடிட்டேன்னு போட்டிருக்காங்கடா."

தம்பி அவர் எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கோபப்படத்தான் வந்திருந்தான். "குடுத்தது நான்தானேப்பா" என்றான்.

மறுநாள் தயாரிப்பாளரிடம் போய், பிரதி தன்னிடமிருந்துதான் போனது என்று சொல்லிவிட்டான். அவர் கத்தவில்லை. வயசானவர் மேல் வழக்கு வேண்டாம் என்று வக்கீலுக்குச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தம்பியை அவர் கூப்பிடவே இல்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் கூப்பிடவில்லை. இப்போது அவன் விளம்பரங்களுக்கு ஒலி பதிவு செய்கிறான். சோப்பு நுரைக்கும் சத்தத்தை நாள் முழுக்கப் பிடித்ததாக ஒருமுறை சொன்னான்.

வழக்கு ஓய்ந்த பிறகு அப்பா மகளிடம் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கு வந்து சாப்பிட்டேனே. அதுக்கு முன்னாடியே."

"சாப்பிட்டுட்டுப் பாத்திரம் வேற கழுவி வச்சிட்டுப் போனே."

அப்பாவே தொடர்ந்தார்.

"ஊரார் விஷயத்துல வாய மூடிக்கிறது சரி. பெத்தவன் விஷயத்துலயுமா?"

"உங்களுக்குச் சொன்னா நாளைக்கு எல்லாருக்கும் சொல்லணும்பா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த முறை அவள் போனபோது வேறு கம்பெனியின் இணைப்பு வந்திருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவர் முன்பு போலச் சமைத்து வைத்தார், அவளும் சாப்பிட்டாள். பேச்சு மட்டும் மழை, முழங்கால், விலைவாசி என்று ஓரமாகவே போனது.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் அவரே போன் செய்தார். நெட் வரவில்லை, வந்து பார் என்றார். அன்றைக்கு அலுவலகத்தில் அவளுக்கு இடுப்பொடிய வேலை. ஆனாலும் போனாள். மேஜைக்கு அடியில் புகுந்து வயர்களைக் கழற்றி மாட்டினாள். அப்பா குனிய முடியாமல் நின்றபடியே டார்ச் அடித்தார். வெளிச்சம் பாதி சுவரில் விழுந்தது.

"இவங்களுக்குப் போன் பண்ணினா, நீ யாரு, பொறந்த தேதி என்ன, நீதானான்னு ஆயிரம் கேள்வி கேக்கறாங்க. என் வீட்டு நெட்டுக்கு என்னையே நம்ப மாட்டேங்கறாங்க."

"அப்படித்தான் கேக்கணும்பா."

"ம்." டார்ச் கொஞ்சம் நகர்ந்து அவள் கை மேல் வந்து நின்றது. "இப்பத் தெரியுதா?"

"தெரியுது."

பச்சை விளக்கு எரிந்தது. அவள் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். உடனே வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போல இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவர் அடுப்படிப் பக்கம் நடந்தார். சரி என்று உட்கார்ந்தாள்.