கிழிந்ததுபோல் ஒரு போஸ்டர்

கொழும்பில் இரண்டு மாதம் கம்ப்யூட்டர் வடிவமைப்பு படித்துவிட்டு வந்ததிலிருந்து கிருஷ்ணராஜுக்கு நேர்கோடு என்றாலே ஆகாது. அதற்கு முன்னால், பண்டாரவளையில் ஸலீம் நானாவின் அச்சகத்தில் கல்யாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த பிள்ளைதான். கொழும்பில் ஓர் ஆசிரியர் அமெரிக்கச் சஞ்சிகைகளைத் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார். எழுத்தின்மேல் எழுத்து, பாதியில் அறுந்த வரி, தலைகீழாகத் தொங்கும் தலைப்பு. சுவிஸ்காரர்கள் கட்டம் போட்டு அழகாக அடுக்கிய பக்கங்களையெல்லாம் இந்த அமெரிக்கர்கள் போட்டு உடைத்துவிட்டார்களாம். அதற்குப் பெயர் பின்நவீனத்துவமாம். எழுத்து படிப்பதற்கு மட்டுமல்ல, உணர்வதற்கும்தான் என்றாராம். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவனுக்கு அது வேதவாக்காகிவிட்டது.

2003ஆம் வருஷம் அரசாங்கத்தின் நடமாடும் சேவை வந்தது. பிறப்புப் பதிவு, அடையாள அட்டை எல்லாம் பூனாகலைக்குப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் செய்து கொடுப்பதாக ஏற்பாடு. போஸ்டர் அடிக்கும் வேலை ஸலீம் நானாவிடம் வந்தது. அதே வாரம் வீரய்யா சந்தைக்கு வந்தவர் அச்சகத்துக்குள் எட்டிப் பார்த்தார். கிருஷ்ணராஜின் அப்பாவோடு காலையில் வேலை பிரிக்கும் ஒரே பெரட்டில் நின்றவர். இவனுக்குப் பெரியப்பா முறை.

"தம்பி, நம்ம மக விதுஷாவுக்குப் பொறப்புப் பதிவே இல்ல. டிசம்பர்ல ஓ/எல் சோதனை. அடையாள அட்டை இல்லாட்டி ஹோலுக்குள்ள விடமாட்டாங்களாம். அந்தத் திகதி தெரிஞ்சா ஒரு வார்த்த சொல்லி அனுப்புப்பா."

"போஸ்டரே நான்தான் செய்றேன் பெரியப்பா. லயத்துக்கு லயம் ஒட்டுவாங்க. பாத்துக்குங்க" என்றான். அந்தப் பெருமையில் சொல்லி அனுப்புவதை மறந்தே போனான். மறந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. தேவையில்லை என்று நினைத்துவிட்டான்.

மூன்று நாள் உட்கார்ந்து செய்தான். பழைய தேர்தல் போஸ்டர்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கிழித்த மாதிரி பின்னணி. அதன்மேல் பாதி முகங்கள். கைரேகைக் கோடுகளுக்கு இடையில் 'ஒக்டோபர் 18' என்பதைக் குறுக்காக அறுத்து, ஒரு பாதியை மேலேயும் மறு பாதியைக் கீழேயும் வைத்தான். பதியப்படாத வாழ்க்கை படிக்க முடியாமல்தான் இருக்கும் என்று ஒரு விளக்கம் வேறு வைத்திருந்தான்.

ஸலீம் நானா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மகன், இது மை சரிபாக்க ஓட்டின வேஸ்ட் தாள் மாதிரி ஈக்கே. ஆக்கள் எப்பிடி வாசிக்கிற?"

"இதுதான் நானா இப்ப ஸ்டைல்" என்றான். வேலை கொடுத்த ஏற்பாட்டாளர்களும் கொழும்புக்காரர்கள். பார்த்ததும் சொக்கிப் போனார்கள். பிறகு ஸலீம் நானா தாளை மெஷினில் ஏற்றினார்.

முந்நூறு தாளும் கட்டாகக் கட்டப்பட்டுப் பூனாகலை பஸ்ஸில் ஏறின. அந்த பஸ்ஸில் கட்டு அனுப்புவது அவனுக்குப் புதிதல்ல. வருஷா வருஷம் குளிர் தொடங்குமுன், அச்சகத்துக் கழிவுத் தாள்களை லயத்துக்கு அனுப்பி வைப்பான். ஒற்றை அறைக் காம்பராக்களின் சுவர்களில் ஒட்டினால் குளிர் கொஞ்சம் அடங்கும். அதே அச்சகம், அதே பஸ், அதே மாதிரிக் கட்டு. கட்டை இறக்கிய தோட்டக் கங்காணி பிரித்துப் பார்த்தார். தாறுமாறாக மை ஏறிய தாள். தம்பி இந்த முறை நேரத்தோடே அனுப்பிவிட்டான் என்று வீட்டுக்குப் பத்தாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்.

நவம்பரில் கொழும்பில் ஒரு கண்காட்சி நடந்தது. அந்தப் போஸ்டருக்கு முதல் பரிசு. மலையகத்தின் சிதைந்த குரல் என்று யாரோ பேசினார்களாம். கேக் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு கிருஷ்ணராஜ் பூனாகலைக்கு வந்தான். முதலில் பெரியப்பா வீட்டுக்குத்தான் போனான்.

விதுஷா வாசலில் கொழுந்துக் கூடைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். பாடக்கொப்பிகளைக் காணவில்லை.

"சோதனைக்குப் படிக்கலையா?"

"அட்டை இல்லையே அண்ணே."

"நடமாடும் சேவைக்குப் போகலையா?"

வீரய்யா உள்ளேயிருந்து வந்தார். "முடிஞ்ச பொறவுதான் தெரிஞ்சிச்சு தம்பி. பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க போய்ட்டு வந்து சொன்னாங்க. பதுளைக் கச்சேரி ஆபீசுக்கும் ஓடினேன். இனி மூணு மாசமாவது ஆகும்னுட்டாங்க. நீ போஸ்டர் ஒட்டுவாங்கன்ன. கண்ணு பூத்துப் போற வரைக்கும் பாத்தோம், ஒண்ணும் வரலையே."

கிருஷ்ணராஜ் உள்ளே பார்த்தான். அடுப்படியிலிருந்து கட்டில்வரை சுவர் முழுக்க அவனுடைய போஸ்டர். சில தலைகீழாகவும் ஒட்டியிருந்தன. கேக் பெட்டியைக் கட்டிலில் வைத்தான். பரிசு கிடைத்தது இதற்குத்தான் என்பதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

விதுஷா சுவரருகே வந்தாள். "இதுவா? இதுல திகதி எங்கண்ணே இருக்கு?"

அவன் விரலால் காட்டினான். மேல் பாதி, கீழ் பாதி. அவள் இரண்டையும் கையால் தடவிச் சேர்த்துப் பார்த்தாள். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை.

"மூணு வாரம் இதுக்கு முன்னால உக்காந்துதாண்ணே படிச்சேன்."

அவள் அழவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீரய்யா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கொழும்புல இத படிச்சுப் பாத்துட்டுத்தான் பரிசு குடுத்தாங்களா தம்பி?"

கொழும்பில் யாரும் அதைப் படிக்கவில்லை. அங்கே எல்லோரிடமும் அடையாள அட்டை இருந்தது.