படலுக்கு ஒரு மதிப்பெண்

பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்த அவளுக்கு வாரத்தில் ஆறு நாளும் ஒரே வேலைதான்: வலியோடு வருகிறவர்களை வரிசைப்படி உட்காரவைப்பது, நடுவில் நுழையப் பார்க்கிறவர்களைச் சிரித்த முகத்தோடு தடுப்பது. ஏழாம் நாள் மதியம் இணையத்தில் சொல்விளையாட்டு நடத்தினாள். எட்டுப் பேரோடு தொடங்கிய போட்டி. குறைவான மதிப்பெண் வாங்கியவர் வாரம் ஒருவராக வெளியேற வேண்டும். வேடிக்கை பார்க்க மட்டும் குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் மிச்சமிருந்தார்கள். அதில் ஒருத்தி அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. இது குழுவில் எல்லோருக்கும் தெரியும். முதல் வாரமே ஒருவர், கோப்பை எந்த வீட்டு அலமாரிக்குப் போகும் என்று இப்போதே சொல்லிவிடலாமே எனக் கிண்டல் செய்திருந்தார். உறவு வேறு, போட்டி வேறு என்று அவளும் முறுக்கிக்கொண்டு பதில் போட்டிருந்தாள்.

சரியாக நான்கு மணிக்கு எழுத்துகளை வெளியிட்டாள்: க, ட, ல், ப, ம், வி, ள, கு, டி, க். மூன்றெழுத்துக்குக் குறையாத சொற்களாக, நான்கு நிமிடத்துக்குள் எத்தனை முடியுமோ அத்தனை எழுதி அவளுக்குத் தனியே அனுப்ப வேண்டும். சந்தேகம் வந்தால், குழு முன்பே ஒப்புக்கொண்ட ஓர் அகராதி சொல்வதுதான் தீர்ப்பு.

மணி அடித்ததும் விடைகளை எண்ண உட்கார்ந்தாள். கடல், குடம், படகு, விளக்கு, கபடி என்று எல்லோரும் எழுதியவைதான் பெரும்பாலும். இருவர் பன்னிரண்டைத் தாண்டியிருந்தார்கள். நாத்தனாருக்குப் பத்து. மிச்சமிருந்தவர் 'அரைடிக்கெட்' என்ற பெயரில் ஆடிய ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவருக்கும் பத்து வந்தது, கடைசிச் சொல்லைச் சேர்த்தால். அந்தச் சொல் 'படல்'.

பாடல் என்று எழுதப்போய் துணைக்கால் விட்டுப்போயிருக்கும், பாவம் என்று நினைத்தாள். முடிவு எங்கே என்று குழுவில் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அகராதியைத் திறக்கவில்லை. சொல்லை அடித்தாள், ஒன்பது என்று போட்டாள். அடித்த சொல்லையும் சேர்த்தே முடிவை அறிவித்தாள். அரைடிக்கெட் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு கொடியில் காய்ந்திருந்த துணிகளை எடுத்து மடித்தாள். ஐந்தேகாலுக்கு, வழக்கம்போல, அடித்த சொல்லையும் அதற்கான காரணத்தையும் நோட்டில் எழுதிவைக்கலாம் என்று அகராதியைப் புரட்டினாள்.

படல்: ஓலை, முள் முதலியவற்றால் பின்னிய மறைப்பு, வேலிக்கதவு.

இரண்டு பேருக்கும் சமம் என்றால், யார் வெளியேறுவது என்று முடிவுசெய்ய ஒரு நிமிடச் சமன்முறிச் சுற்று வைத்திருக்க வேண்டும். வைக்காமல் முன்பின் தெரியாத மனிதரை அனுப்பிவிட்டு வீட்டு ஆளை உள்ளே வைத்திருக்கிறாள். வேண்டுமென்றே செய்தது என்று யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வது?

கணவனிடம் சொன்னாள். அவன் மிக்சியின் மூடியைக் கழற்றிவைத்து ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தான்.

"யாருமே கேக்கலையே. நீயா எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கற?" என்றான்.

"யாரும் கேக்கலைங்கறதுதான் உறுத்துது."

முதலில் அக்காவிடம் பேசிவிடு, குழுவில் பார்த்துத் தெரிந்துகொண்டால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள் என்றான்.

முதல் மணியிலேயே நாத்தனார் எடுத்தாள். இவள் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிமுடித்தாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கோபம் என்றே நினைத்தாள்.

"அண்ணி, இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. படல்னா என்னன்னு எனக்குத் தெரியும். நீ அடிச்சதைப் பாத்தப்பவே தெரியும்." நாத்தனாரின் குரல் இறங்கியிருந்தது. "சொல்லலாமா வேண்டாமான்னு ஒரு மணி நேரமா போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நல்லவேளை, நீயே கூப்பிட்ட."

இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். அதைக் கேட்டு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தவறு என்னுடையது, அகராதி பார்க்காமல் அடித்துவிட்டேன் என்று குழுவில் எழுதினாள். இரண்டு பேர் குத்தலாகப் பேசினார்கள். பத்துப் பேர் பரவாயில்லை என்றார்கள். ஆனால் அரைடிக்கெட்டைக் காணோம். மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. மனிதர் நொந்துபோய் எண்ணையே தடுத்துவிட்டாரோ என்று கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

ஆறரைக்கு அவரே கூப்பிட்டார். ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே இருந்த இரண்டு பேரை இப்போதுதான் வெளியே எடுத்தாராம். அவள் தடுமாறித் தடுமாறி மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? நான் எழுத நெனச்சது பாடல்தான். அவசரத்துல கால் விட்டுப்போச்சு. எழுத்துல 'பா'வே இல்லைங்கறதைக்கூட கவனிக்கல. படல்னு ஒரு வார்த்தை இருக்கறதே இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது. எனக்கு அந்த மார்க் வேண்டாம்."

அந்த மனிதர் வாயே திறக்காமல் இருந்திருந்தால் மதிப்பெண்ணை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

"நெனச்சது என்னவா வேணா இருக்கட்டும்ங்க. வந்த விடையில இருக்கறது சரியான வார்த்தை. அதுக்குத்தான் மார்க்," என்றாள். வரவேற்பு மேசைக் குரல் அவளுக்குத் திரும்பியிருந்தது.

ஏழு மணிக்குச் சமன்முறிச் சுற்று நடந்தது. ஆறு எழுத்துகள், ஒரு நிமிடம். இந்த முறை விடைகள் அவளுக்கு வரவில்லை. இரண்டாம் வாரம் வெளியேறியிருந்த ஒரு பள்ளி ஆசிரியை எல்லோர் முன்னாலும், ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறந்து எண்ணினார். நாத்தனாருக்கு நான்கு. அரைடிக்கெட்டுக்கு மூன்று.

அரைடிக்கெட் நாத்தனாருக்கு வாழ்த்து எழுதிவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து அகராதி பார்க்கும் வேலையைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். தான் எழுதிய சொல்லுக்கு அர்த்தம் தெரியாத ஆள்தான் கட்டாயம் புரட்டிப் பார்ப்பான் என்றார். குழு முழுக்கச் சிரித்தது. அவள் உடனே சரி என்றாள்.

போனை மேசையில் கவிழ்த்துவைத்தபோதுதான், மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அவளுக்கு நினைவு வந்தது. நல்ல பசி. தட்டை எடுத்துக்கொண்டு கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்தே முதல் கவளத்தை எடுத்தாள்.