தன்னிடமே முகவரி கேட்ட சர்வர்

அலுவலகத்தில் அவனுக்கு ‘ஒழுங்கு’ என்று பட்டப்பெயர். எல்லாம் ஒரே சீராக இல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அந்தச் சீர்தான் இன்று அவனைச் சர்வர் அறைக்குள் வைத்துப் பூட்டியது.

அந்த அறைக் கதவின் பூட்டு, மூலையில் இருந்த பழைய சர்வரின் பிடியில் இருந்தது. அதற்குத் திரை கிடையாது. ஆன் ஆகும்போது எங்கே தடுக்கினாலும் நெட்வொர்க் வழியாக அவன் லேப்டாப்புக்குச் சொல்லும். அப்படிச் சொல்ல முதலில் அதற்கு நெட்வொர்க்கில் ஒரு முகவரி வேண்டும். இத்தனை நாள் அதைக் கையால் எழுதி வைத்திருந்தார்கள். மற்ற சர்வர்களைப் போல இதுவும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று காலையில் ஒழுங்கு அதை அழித்தான். மதியம் லேப்டாப்போடு உள்ளே வந்து, சர்வரை அணைத்து மறுபடி ஆன் செய்தான். கதவு பூட்டிக்கொண்டது. லேப்டாப்பில் ஒரு வரிகூட வரவில்லை.

மணி நாலே கால். ஐந்து மணிக்குக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கூட்டி வர வேண்டும். ஒரு கண்ணில் கட்டு, மற்றதில் பார்வை மங்கல். போனோ வெளியே லாக்கரில்.

“அப்பாவுக்குச் சொல்லிடட்டுமா?” கதவின் கண்ணாடிக்கு அப்பால் நின்று கேட்டாள், கூட வேலை செய்யும் அக்கா.

“வேணாம்க்கா. அஞ்சே நிமிஷம்.”

சர்வரைக் கட்டி மேய்க்கிறவன் அதனிடமே மாட்டிக்கொண்டான் என்று அப்பாவுக்குத் தெரிவது வெட்கமாக இருந்தது. ஏசிக் குளிரில் விரல் மரத்தது. மறுபடி அணைத்துப் போட்டான். அந்த ‘அஞ்சே நிமிஷ’த்தை நாலு தடவை சொல்லிவிட்டான்.

ஐந்தரைக்குத்தான் உறைத்தது. எல்லோருக்கும் முகவரி கொடுப்பதே இந்தச் சர்வர்தான். கொடுக்க வேண்டியவன் இன்னும் எழவில்லை. முகவரி வராமல் எழவும் மாட்டான். தலையில் அடித்துக்கொண்டு, முகவரி கொடுக்கும் வேலையை லேப்டாப்பிடம் ஒப்படைத்தான். வரிகள் மளமளவென்று கொட்டின. கதவு திறந்தது.

ஆஸ்பத்திரி கேட்டைப் பூட்டியிருந்தார்கள். வெளியே பெஞ்சில் அப்பா. கார் சத்தம் கேட்டதும் எழுந்து, எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார்.

வழியெல்லாம் நடந்ததைச் சொன்னான். “எங்க மாட்டிக்கிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லலப்பா அது.”

அப்பா அவன் பக்கம் திரும்பினார்.

“அதுக்கு வாய் இல்ல,” என்றார். “உனக்கு இருந்துச்சே.”