மெத்தை ஓங்கிய கை

சினிமாக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மெத்தை. எங்கே, எப்படித் தள்ளிவிட்டாலும் சத்தமில்லாமல் விழுவார். கதாநாயகன் என்று ஒருவன் இருந்தால் அவனிடம் உதை வாங்க ஒருவர் வேண்டுமே, அந்த ஒருவராக இருந்தே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. படிக்கட்டில் உருண்டிருக்கிறார், கண்ணாடிக் கதவோடு சேர்ந்து சாய்ந்திருக்கிறார், மீன் கூடைக்குள் தலைகீழாகப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு, "இன்னைக்கு நல்ல அடி" என்று நிறைவாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

முன்னறையில் தையல் கடை வைத்திருந்த அவர் மனைவிக்கு அந்த நிறைவு தொண்டையில் இறங்காது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு படத்துக்கு ஆசை ஆசையாகப் போனாள். புருஷன் உதைபட்டுக் குப்பைத் தொட்டிக்குள் விழுந்தபோது தியேட்டரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பக்கத்தில் இருந்த கூடப் பிறந்த தங்கையும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு எழுந்து வந்தவள் அப்புறம் தியேட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "நீங்க ஒருத்தனையாவது அடிக்கிற படம் வரட்டும். அப்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், அவரை அதிகம் அடித்தவளே அவள்தான். உதை வாங்கவும் ஒத்திகை வேண்டும், ஒத்திகைக்கு அடிக்க ஓர் ஆள் வேண்டும், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? துணி வெட்டும் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் அளவுகோலை ஓங்குவாள், அவர் விழுவார். கீழ் வீட்டுக்காரர் ஒருமுறை கதவைத் தட்டி, "அம்மா, மனுஷன் பாவம், விட்டுடுங்க" என்று பஞ்சாயத்துப் பேசிவிட்டுப் போனார்.

சினிமா அடியில் எசமான் அடிப்பவன் இல்லை, வாங்குபவன்தான் என்பது அந்த ஒத்திகையில் அவள் கற்றுக்கொண்டது. "கையை ஓங்கிட்டுக் காத்திருக்கணும். வாங்குறவன் தயாரானதும் மோவாயைக் கொஞ்சமா இறக்குவான். அதுதான் சைகை. அது வராம உன் கை இறங்கினா நிஜமாவே பட்டுடும்" என்பார். பார்க்கிறவர்கள் யாருக்கும் தெரியாத அசைவு அது. அவளுக்கோ ஊசியில் நூல் கோப்பது போல் கண்ணுக்குப் பழகிவிட்டது.

இப்படி இருக்கையில் ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். "ஏய், இந்தப் படத்துல நான் அடிக்கிறேன்!"

வரப்போகும் காலத்தில் நடக்கிற கதையாம். வேலை வெட்டி இல்லாத இளவட்டங்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்காக அடித்துப்போடுகிறார்கள். அரசாங்கம் அவர்களைப் பிடித்துத் தோளுக்குள் ஒரு தகட்டைப் பதித்துவிடுகிறது. அதற்கப்புறம் யாரையாவது அடிக்க நினைத்தாலே கை மரத்துவிடும். அப்படிப்பட்டவன் திருந்தினானா, இல்லை, திருந்துவதா வேண்டாமா என்று நினைக்கிற வாய்ப்பையே பறித்துவிட்டார்களா என்பது படத்தின் கேள்வி. தொடக்கத்தில் கூட்டத்தலைவனிடம் உதைபடும் கிழவர்தான் மெத்தை. கடைசியில், தகடு பதித்த அவனை அதே கிழவர் முன்னால் நிறுத்தி, கையில் தடியும் கொடுத்து, ஆசை தீர அடித்துக்கொள் என்கிறது அரசாங்கம். கிழவர் அடிப்பதோடு படம் முடிகிறது.

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதல் நாள் தியேட்டருக்கு அவர் போட்டுக்கொண்டு வர நீலத்தில் ஒரு சட்டை வெட்டினாள். "ஒத்திகைக்கு நான் நிக்கிறேன். அடிங்க" என்று மோவாயை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். அவர் அளவுகோலை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். "அடிக்கிறதுக்கு என்ன ஒத்திகை? சைகை வந்தா தானா கை இறங்கிட்டுப் போகுது."

படப்பிடிப்பு முடிந்து வந்த அன்றைக்கு அவர் கை கால் கழுவிக்கொண்டு நேராகச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவளாகக் கேட்டாள். 

"சைகை வரலை" என்றார். "புதுப் பையன். வேஷத்துல மூழ்கி மறந்துட்டான் போல. நான் ஓங்கினது ஓங்கினபடி நின்னேன். கை வலிச்சதும் தடியைக் கீழே போட்டுட்டேன்."

"திரும்ப எடுக்கலையா?"

"டைரக்டர் சின்னப் பொண்ணு. ஓடிவந்து, 'ஐயா, இதுதான் என் படத்தோட முடிவு'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவுது. நான் என்னத்தைச் சொல்ல?"

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, முகம் தெரியாத அந்தப் பையன்மேல். பொத்தான் வைக்க வேண்டியது மட்டும் பாக்கி இருந்த சட்டையை மடித்து அலமாரியின் அடியில் செருகினாள்.

படம் வந்ததும் ஊர் இரண்டுபட்டது. பிள்ளைகள் கெட்டுப்போகும், தடை செய் என்று ஒரு கூட்டம் தியேட்டர் வாசலில் உட்கார்ந்தது. பார்க்காமல் பேசாதே என்று எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம். டிவியில் ஒருவர் அந்த ஓங்கிய கையை மன்னிப்பின் சிகரம் என்றார், இன்னொருவர் ரவுடிக்குக் காட்டிய சலுகை என்றார். இருவரும் மேசையைத் தட்டிக்கொண்டார்கள். மெத்தை சாப்பிட்டுக்கொண்டே பார்த்து, "எனக்குத் தோள் வலின்னு ஒருத்தருக்கும் தோணலை பாரேன்" என்று சிரித்தார்.

அப்போதுதான் தங்கை போனில் கூப்பிட்டாள். "அக்கா, கோவிச்சுக்காதே. அத்தான் தடியை ஓங்கிட்டு நின்னப்போ தியேட்டர்ல ஒருத்தரும் மூச்சு விடலை. யாருமே சிரிக்கலைக்கா. நானும்தான்."

அவள் போனை வைத்தாள். பிறகு அலமாரியைக் குடைந்து சட்டையை எடுத்துப் பொத்தான் வைக்க உட்கார்ந்தாள்.

தியேட்டர் வாசலில் காவலர்கள் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே அவள், நீலச் சட்டை போட்டிருந்த அவர் பக்கத்தில் இருக்கை விளிம்பில் உட்கார்ந்து, அவர் உதைபட்ட காட்சிகளைக் கண்ணை மூடிக் கடத்தினாள். கடைசிக் காட்சி வந்தது. திரை முழுக்க இரண்டே முகங்கள். புருஷன் தடியை ஓங்கினார். தங்கை சொன்னது நிஜம்தான், ஒரு தும்மல்கூட இல்லை. எல்லோரும் ஓங்கிய கையைப் பார்த்தார்கள். அவள் பழக்கதோஷத்தில் அந்தப் பையனின் மோவாயைப் பார்த்தாள்.

மோவாய் இறங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து, தெரியலையா என்று கேட்பதுபோல், இன்னொரு தடவையும் இறங்கியது. திரையில் தடி கீழே விழுந்தது.

"வந்துச்சே!" என்று அவர் காதில் முணுமுணுத்தாள். "ரெண்டு தடவை. நான் பாத்தேன்."

அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ம்" என்றார்.

"அப்புறம் ஏங்க அடிக்கலை?"

"அடின்னு கதை சொல்லுச்சு. டைரக்டர் சொல்லுச்சு. அடிபட வேண்டியவனே அடிச்சுக்கோன்னுட்டான். எனக்குத்தான் வேணாம்னு இருந்துச்சு."

"அதை அங்கேயே சொல்றதுக்கென்ன?"

"சைகை தவறிப்போச்சுன்னா அடுத்த படத்துக்குக் கூப்பிடுவாங்க. மாட்டேன்னு சொல்றவனை எவன் கூப்பிடுவான்? பையன் நல்லவன். 'நான்தான் மறந்துட்டேன்'னு தானே பழியை வாங்கிக்கிட்டான்."

"என்கிட்டயுமா?"

அவர் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். "நான் அடிக்கிறதைப் பார்க்கணும்னு இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தியே. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கேட்டது ஒரே ஓர் அடி. அதைக்கூடத் தராத இந்த மனுஷனை நினைத்து நெஞ்சு கொள்ளாத பெருமையாக இருந்தது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெயர்கள் ஓடி முடியும்வரை விடவில்லை. கடைசிக்கு முந்தின வரியில் அவர் பெயரும் வந்தது.

வெளியே வந்ததும் இளவட்டக் கூட்டம் ஒன்று அவரை அடையாளம் கண்டு சூழ்ந்துகொண்டது. ஒருவன் போனை முகத்துக்கு நேராக நீட்டினான். "ஐயா, ஒரே கேள்வி. அவனை ஏன் அடிக்கலை? மன்னிச்சிட்டீங்களா?"

மெத்தை மனைவியைப் பார்த்தார். அவள் முன்னால் வந்து, கசங்காத காலரை ஒருமுறை நீவிவிட்டாள்.

"அட, நீங்க வேற. சைகை வரலைப்பா" என்றாள். "நான்தான் கண் கொட்டாம பார்த்துக்கிட்டே இருந்தேனே."