செயலாளரின் கவனக்குறைவு

ஆல்டர்சைக் டவுன் கால்பந்து கிளப்புக்கு நூற்று இருபத்தைந்து வயது ஆகிறது, ஒரு வரலாற்றுப் புத்தகம் போட்டுவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்ததும், எழுதும் வேலை பாரி டிண்டலின் தலையில் வந்து விழுந்தது. பாரி பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். முப்பது வருடமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப் அச்சடித்து விற்கும் புரோகிராம் புத்தகத்தைத் தயார் செய்பவனும் அவன்தான். பெரிய லீக் பக்கம் தலைவைத்தும் படுக்காத கிளப் அது. குழாய் ரிப்பேர் பார்ப்பவரும் பள்ளிக்கூட வாத்தியாரும் சனிக்கிழமை மதியம் சேர்ந்து ஆடுவார்கள். எண்பது பக்கம் தேறினாலே அதிகம் என்று கமிட்டி நினைத்தது. பாரி நூற்று நாற்பது பக்கம் எழுதித் தள்ளிவிட்டான்.

இன்னும் அச்சுக்குப் போகாத அந்தப் பிரதியில் அறுபத்தோராம் பக்கத்தில் இருந்த ஒரு வரிதான் ஈனிட் பிராம்ஹாலின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. "1978இல் முதன்முறையாக எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்றுக்குத் தகுதி பெற்ற நம் அணி, செயலாளரின் கவனக்குறைவால் நீக்கப்பட்டது."

அந்தச் செயலாளர் லென், ஈனிட்டின் கணவர். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

ஊரறிந்த கதைதான். எஃப்.ஏ. கோப்பையில் நாட்டின் பெரிய அணிகளோடு சின்ன அணிகளும் மோதலாம், ஆனால் சின்ன அணிகள் தகுதிச் சுற்றுகளைத் தாண்டி வர வேண்டும். அந்த நவம்பரில் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில் நடந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று இழுபறியாக இருந்தபோது மாற்று ஆட்டக்காரனாக டெனிஸ் மொஃபட் இறங்கி, தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். திங்கட்கிழமை குலுக்கலில் மூன்றாம் டிவிஷன் தொழில்முறை அணி ஒன்று ஆல்டர்சைக்குக்கு வந்து ஆட வேண்டும் என்று விழுந்தது. மூன்று நாள் ஊரில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. வியாழக்கிழமை கடிதம் வந்தது. மொஃபட் அதே பருவத்தில், அதே கோப்பையில், ஆல்டர்சைக்குக்கு மாறி வருமுன் ஹெக்ஸ்லி என்ற அணிக்கு ஆடியிருக்கிறான். ஒரே பருவத்தில் ஒருவன் அந்தக் கோப்பையில் இரண்டு அணிக்கு ஆடக் கூடாது. ஆகவே ஆல்டர்சைக் வெளியே. தோற்ற அணிக்காரர்கள் எப்படியோ மோப்பம் பிடித்துப் புகார் கொடுத்திருந்தார்கள்.

யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்று பார்ப்பது செயலாளர் வேலை. லென் மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. மதுக்கடைக்குப் போனால் மட்டும் யாராவது ஒருவன், "லென், எனக்கு இங்க குடிக்க அனுமதி இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். லெனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் ஈனிட் அங்கே போவதையே விட்டுவிட்டாள். ஆனால் மைதானத்தில் தான் நடத்திவந்த டீக் கொட்டகையை அவள் விடவில்லை. தப்புச் செய்தவன்தான் ஒளிய வேண்டும் என்பது அவள் கட்சி.

பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே பாரியின் வீட்டுக்குப் போனாள். ஆட்டத்துக்கு முந்தின நாள் லென் மேனேஜர் ஹாரிக்குப் போன் போட்டு, மொஃபட்டை இறக்கக் கூடாது என்று சொன்னதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னாள்.

"ஹாரி செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு, ஈனிட்" என்றான் பாரி. "உங்க காதை நான் எப்படி அச்சடிக்கிறது?"

அந்த வரி இருந்தால் வருகிற சனிக்கிழமை டீக் கொட்டகை திறக்காது என்று சொல்லிவிட்டு வந்தாள். ஜனவரி மாதத்துக் குன்றுக் காற்றில் இடைவேளைக்கு டீ இல்லாமல் நிற்பதை நினைத்தே கமிட்டிக்கு நடுக்கம் எடுத்தது. ஆதாரம் தேடச் சொல்லிப் பாரியை விரட்டினார்கள்.

ஆதாரம் என்றால் அந்த நாளின் புரோகிராம்தான். பாரியிடம் ஒன்று இருந்தது, பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்புக் கலையாமல். அதனால் பிரயோசனம் இல்லை. ஆல்டர்சைக்கில் அச்சடித்த ஆட்டக்காரர் பட்டியல் என்றைக்கும் அப்படியே இறங்கியதில்லை. ஒருவனுக்கு ஷிஃப்ட் மாறியிருக்கும், ஒருவன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்திருக்கும். ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் மாற்றங்களை வாசிப்பார்கள், பார்க்க வந்தவர்கள் பென்சிலால் அடித்துத் திருத்திக்கொள்வார்கள். சேகரிப்பவர்கள் கிறுக்கிய புரோகிராமைத் தொடக்கூட மாட்டார்கள். ஆனால் உண்மை அதில்தான் இருக்கும்.

ஆகவே பாரியும் ஈனிட்டும் சிரில் ஹோல்ராய்டைப் பார்க்கப் போனார்கள். எண்பத்து நான்கு வயது, காதில் எப்போதும் பென்சில், 1955இலிருந்து ஒரு ஆட்டம் விடாதவர். நவம்பர் புரோகிராமை எடுத்து மேசையில் வைத்தார். மாற்று ஆட்டக்காரனுக்கு உரிய பன்னிரண்டாம் எண்ணுக்கு நேரே ரோனி பெக் என்று அச்சாகியிருந்தது. அந்தப் பட்டியலை எழுதியது லென்.

"பாத்தியா?" என்றாள் ஈனிட். "மொஃபட் பேரே இல்ல."

பெக்கின் பெயரைச் சிரில் பென்சிலால் அடித்து மொஃபட் என்று எழுதியிருந்தார். மாற்றங்களை வாசித்து முடித்த பிறகு, ஆட்டத்துக்கு முன் ஓடிப் பார்க்கும்போது பெக்கின் கணுக்கால் பிசகிவிட்டதாம். பூட்ஸோடு நின்ற வேறு ஆள் மொஃபட் மட்டும்தான், ஹாரி அவனை மாற்று ஆளாக உட்கார வைத்துவிட்டார். இரண்டாம் பாதியில் அவனை இறக்கும்போது மைக்கில் அறிவித்தது யார் என்று பாரி கேட்டான்.

சிரில் தயங்கினார். "லென்தான். பன்னெண்டாம் நம்பர் இறங்குறார்னு சொல்லிட்டு நிறுத்திட்டாரு. மைக் போயிடுச்சுன்னு நெனச்சோம். கொஞ்சம் கழிச்சுத்தான் பேரைச் சொன்னாரு."

ஈனிட்டுக்குச் சுருக்கென்றது. போன் விஷயத்தை நூறு தடவை சொன்ன மனுஷன், மைக் விஷயத்தை ஒரு தடவைகூட அவளிடம் சொன்னதில்லை. மைக் கையில் இருந்திருக்கிறது. கீழே இறங்கிப் போய்த் தடுக்க நாற்பது அடி தூரம்தான். தெரிந்தே பெயரைச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடம் அவருக்காக ஊரோடு மல்லுக்கு நின்றவளுக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. செத்துப்போனவரிடம் சண்டை போடவும் வழியில்லை.

பாரிக்கு மனசு கேட்கவில்லை. "அந்த வரியை எடுத்துடறேன், ஈனிட். ஒண்ணுமே போட வேணாம்" என்றான்.

அவள் கேட்டு வந்தது அதைத்தான். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். கதவருகே போனவள் திரும்பி, மொஃபட் ஹெக்ஸ்லிக்கு ஆடிய அந்த ஆட்டம் எங்கே நடந்தது என்று கேட்டாள். கொட்டகையில் பாத்திரமும் கையுமாக நிற்பவளுக்கு ஆட்டம் பார்க்க வாய்த்ததே இல்லை.

சிரில் பாரியைப் பார்த்தார். பாரி ஜன்னலைப் பார்த்தான். பிறகு கிழவர் பெட்டியைத் திறந்து இன்னொரு புரோகிராமை எடுத்தார். அதே வருடம் செப்டம்பர், அதே கோப்பையின் முந்தைய சுற்றில் ஆல்டர்சைக்குக்கும் ஹெக்ஸ்லிக்கும் இதே மைதானத்தில் நடந்த ஆட்டம். ஹெக்ஸ்லியின் ஒன்பதாம் எண்ணை அடித்து, அவருடைய கையெழுத்திலேயே மொஃபட் என்று எழுதியிருந்தது. பக்கத்தில், தலையால் நன்றாக முட்டுகிறான் என்று ஒரு குறிப்பு.

"நீங்கதான் எழுதியிருக்கீங்க, சிரில்."

"நான்தாம்மா. நவம்பர்ல அவன் இறங்கினதும் பக்கத்துல நின்னவன், இவன் அந்த ஹெக்ஸ்லிக்காரன்தானேன்னான். வாயை மூடுடான்னேன். நடுவர் காதுல விழுந்துடப் போகுதுன்னு."

"பாரி, நீ?"

"ரெண்டு ஆட்டத்துக்கும் கோலுக்குப் பின்னாடிதான் நின்னேன்" என்றான் பாரி. "எல்லாருக்கும் தெரியும், ஈனிட். கோல் விழுந்ததும் கட்டிப் புடிச்சுக்கிட்டோம். மதுக்கடையில லெனைக் கேலி பண்ணினதுல நானும் உண்டு."

அவள் கோட்டைக் கழற்றாமலே மறுபடி உட்கார்ந்தாள். செப்டம்பர் ஆட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டாள். அதையும் சிரில் குறித்து வைத்திருந்தார்: இருநூற்று எண்பத்தேழு.

"அப்ப எழுது" என்றாள். "அந்த ஆள் ஆடக் கூடாதுன்னு செயலாளர் லென் பிராம்ஹாலுக்குத் தெரியும். செப்டம்பர்ல ஆட்டம் பாத்த இருநூத்தி எண்பத்தேழு பேருக்கும் தெரியும். அப்புறம் பேரு பேரா போடு. லென் பேரு முதல்ல."

மற்றவர்களை எங்கே போய்த் தேடுவது என்று பாரி விழித்தான். கடைசியில் ஒரு தாளில் இரண்டு ஆட்டத்தையும் பார்த்தவர்கள் கையெழுத்திடவும் என்று எழுதிக் கிளப் அறையில் ஒட்டினான். முதல் பெயராக லென் பிராம்ஹால் என்று ஈனிட் எழுதினாள். இரண்டாவது சிரில், மூன்றாவது பாரி. இரண்டு சனிக்கிழமை வேறு யாரும் போடவில்லை. வந்து படித்தார்கள், தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்தார்கள். மூன்றாம் சனிக்கிழமை லாண்டரிக்காரர் ஒருவர் பேனா கேட்டு வாங்கிப் போட்டார். அவருக்குப் பின்னால் ஆள் சேர்ந்தது. மாதக் கடைசியில் நாற்பத்தொரு பெயர்.

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் பாரி அந்தத் தாளோடு அவளிடம் வந்தான். ஆறு பேர் புளுகுகிறார்கள் என்றான். இரண்டு பேர் அப்போது ஊரிலேயே இல்லை, ஒருவன் பிறந்ததே 1980இல். அடித்துவிடட்டுமா என்று பென்சிலை எடுத்தான்.

ஈனிட் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள்.

"இருக்கட்டும் விடு" என்றாள். "அவரு தனியா நின்னது போதும்."